வெட்டிய நிலாவும் விழாத நிழலும்

தொலைநோக்கியின் கண்வில்லையில் கைப்பேசியை ஒட்டி வைத்து நிலாவைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், நிலாவோடு அதைச் சுற்றி ஒரு பெரிய கறுப்புக் கட்டமும் சேர்ந்தே வரும். அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு நிலாவை மட்டும் வட்டமாக வெட்டி, வெளிர்நிறப் பக்கத்தில் வைத்து, அடியில் மெல்லிய நிழல் ஒன்று விழச் செய்தால், படம் தாளைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி நிற்பதுபோல் இருக்கும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் முதல் முறையாக நிரல் எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வட்டம் வரும், நிழல் வராது.

இந்தச் சிக்கலோடு என்னிடம் வந்தவர் ஜவ்வாது மலைக்காரர். கல்லூரி முடித்த இளைஞர். ஊர்ப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக, பிறையிலிருந்து பௌர்ணமி வரை நிலாவின் படங்களைக் காட்டும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். மேசைக்கணினியில் ஓடும் செயலிதான்; உள்ளே படம் வரைவது, இணைய உலாவிகளில் இருக்கும் கான்வாஸ் என்ற வரைகலை ஏற்பாடு. ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தோம். இந்த மலையில் நிலாவைப் பற்றிய ஆசை வருவது இயல்பு. ஆலங்காயத்திலிருந்து ஏறும் சாலையில் காவலூர் இருக்கிறது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு அங்கே தொடங்கிய வானாய்வகம், 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கியையும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் பெற்றது. அந்தப் பெரிய தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அதைக் கனவு கண்ட வானியலாளர் வைணு பாப்புவின் பெயர்தான்.

"அண்ணா, கிளிப் போடாத வரைக்கும் நிழல் நல்லா விழுது. கிளிப் போட்டதும் போயிடுது. நிழலுக்கான வரியை கிளிப்புக்கு முன்னாடி வச்சும் பார்த்தேன், பின்னாடி வச்சும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்ல."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் முக்கியம். வரிகளை முன்னும் பின்னும் மாற்றியும் ஏன் வித்தியாசம் வரவில்லை என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கிளிப் போடுவதும் நிழலை அமைப்பதும் வரைகிற செயல்களே அல்ல. இரண்டும் ஏற்பாடுகள். "இனிமேல் வரையப்போவது எல்லாம் இந்த வட்டத்துக்குள் மட்டும் பதியட்டும்" என்பது ஒரு ஏற்பாடு. "இனிமேல் வரையப்போவதற்கெல்லாம் இத்தனை பிக்சல் தள்ளி, இவ்வளவு மங்கலாக, இந்த நிறத்தில் நிழல் விழட்டும்" என்பது இன்னொன்று. எதை முதலில் சொன்னாலும் கணினி இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். படத்தை வரை என்று நீங்கள் சொல்லும் கணத்தில்தான் இரண்டும் உயிர்பெறும். அப்போது எது முதலில், எது பிறகு என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. வரைகலை நூலகம் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது. கான்வாஸின் தர வரையறையில் அந்த வரிசை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. முதலில் வரையவேண்டியது ஒரு தனித் தாளில், கண்ணுக்குத் தெரியாமல், முழுதாக வரையப்படும். அடுத்து அதிலிருந்து நிழல் எடுக்கப்படும். பிறகு நிழல் திரையில் பதியும், கிளிப்புக்குள் மட்டும். கடைசியாக அதன் மேல் படம் பதியும், அதுவும் கிளிப்புக்குள் மட்டும்.

கடைக்காரர் வடை கட்டிக்கொடுக்க வைத்திருந்த பழைய செய்தித்தாளில் ஒன்றை வாங்கி, நடுவில் ஒரு வட்டத்தைக் கிழித்தெடுத்து, ஓட்டை போட்ட தாளை அவருடைய நோட்டின் மேல் வைத்தேன். "இதுதான் கிளிப். இதுக்கு மேல நிலாவை வரைங்க, நிழலோட." அவர் பேனாவால் ஓட்டையின் விளிம்பை ஒட்டி வட்டம் போட்டு, வலது பக்கம் கீழே நிழலுக்காகக் கோடு கோடாக இழுத்தார். கோடுகள் எல்லாம் செய்தித்தாளின் மேல் விழுந்தன. தாளைத் தூக்கியதும் நோட்டில் வெறும் வட்டம். நிழல் வரையப்படாமல் இல்லை. வரையப்பட்டது, ஆனால் தாளோடு போய்விட்டது.

அவர் புரிந்துகொண்ட முகத்தோடு தலையாட்டினார். ஆனால் கான்வாஸில் இதைவிட ஒரு படி மோசமாக நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டியிருந்தது. வரிசையை மறுபடி பாருங்கள். நிழல் எடுக்கப்படுவது வெட்டுவதற்கு முன்னால் இருக்கும் முழுப் படத்திலிருந்து. அதாவது கறுப்புக் கட்டத்தோடு கூடிய சதுரப் படத்திலிருந்து. ஆகவே உண்டாவது நிலாவின் நிழலே அல்ல, சதுரத்தின் நிழல். அந்தச் சதுர நிழலில் வட்டத்துக்குள் அடங்கும் பகுதி மட்டும் திரையில் பதிகிறது. உடனே அதன் மேல் நிலா பதிந்து மூடிவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரே இடத்தில் இரண்டு பிழை: நிழலின் உருவமும் தப்பு, விழும் இடமும் தப்பு. கிளிப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால் நிழல் எட்டிப் பார்க்கும் என்று சிலர் முயல்வார்கள். பெரிதாக்கினால் எட்டிப் பார்ப்பது கறுப்புக் கட்டம்தான்.

ஆக, நமக்கு வேண்டிய வரிசை வேறு. முதலில் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு கையில் இருக்கும் வட்டத்திலிருந்து நிழல் எடுக்க வேண்டும். நிழலைப் பதிக்கும்போது எந்தத் தடையும் இருக்கக் கூடாது. நூலகத்தின் வரிசையை மாற்ற முடியாது. வேலையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் அதன் வரிசை நமக்குச் சாதகமாக அமையும்படி செய்யலாம்.

பலரும் முதலில் கண்டுபிடிக்கும் வழி இது. கிளிப் இல்லாமல், நிழலை மட்டும் அமைத்து, நிலாவின் அளவில் ஒரு கறுப்பு வட்டத்தை நிரப்புவது. கறுப்பு வட்டமும் அதன் நிழலும் திரையில் வந்துவிடும். பிறகு நிழலை அணைத்துவிட்டு, கிளிப் போட்டு, நிலாவை அதே இடத்தில் வரைவது. நிலா கறுப்பு வட்டத்தை மூடிவிடும். நிழல் மட்டும் மிஞ்சும். எளிய வழி, வேகமானதும்கூட. அவரும் அங்கேயே தட்டச்சு செய்து பார்த்தார். நிழல் வந்தது.

"அண்ணா, வந்துடுச்சு!" என்றார். திரையைப் பெரிதாக்கச் சொன்னேன். நிலாவின் விளிம்பு முழுக்க, மயிரிழை அகலத்தில், கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. மையிட்டதுபோல் ஒரு வளையம். நிலாவின் ஒளிர்கிற விளிம்பில் அது நன்றாகவே தெரிந்தது.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் கோடு அதன் நடுவில் போகிறது. பிக்சலில் பாதி உள்ளே, பாதி வெளியே. படிக்கட்டுபோல் தெரியாமலிருக்க, கணினி அந்தப் பிக்சலில் 50 விழுக்காடு மட்டும் வண்ணம் பூசும். முதலில் கறுப்பு வட்டம்: பிக்சலில் 50 கறுப்பு, 50 பின்னணி. அதன் மேல் நிலா, அதுவும் 50 விழுக்காடு. இப்போது நிலா 50. மீதி 50-இல் ஏற்கெனவே இருந்த கலவை அப்படியே பாதியாகிறது: கறுப்பு 25, பின்னணி 25. நமக்கு வேண்டியிருந்தது நிலா 50, பின்னணி 50. கூடுதலாக வந்த அந்த 25 பங்கு கறுப்புதான் கண்ணில் உறுத்துகிற கோடு. கறுப்புக்குப் பதில் நிலாவின் சாம்பல் நிறத்திலேயே வட்டத்தை நிரப்பினால் கோடு மறைந்ததுபோல் இருக்கும். பல இடங்களில் அதுவே போதும். ஆனால் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருக்கும் பிறைப் படத்துக்கு எந்த ஒற்றை நிறமும் ஒத்துவராது.

இந்த 50, 25 கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு, டீக்கடையில் சொன்னாலும் மரியாதையோடு சொல்லவேண்டியது. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒரு எண்ணையும் வைக்கலாம், அந்தப் பிக்சல் எவ்வளவு மறைக்கிறது என்பதை அது சொல்லட்டும் என்ற எண்ணம் 1970-களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரிடம் உருவானது. அதற்கு ஆல்பா என்று பெயரிட்டார்கள். 1984-இல் லூகாஸ் ஃபிலிம் கணினிப் பிரிவில் இருந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் அந்த ஆல்பாவை வைத்து ஒரு படத்தை இன்னொன்றின் மேல் எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்பதைச் சில எளிய சூத்திரங்களாக எழுதிவிட்டார்கள். மேலே இருப்பது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அது விட்டுவைத்த இடத்தில் கீழே இருப்பது தெரியும். இன்று நம் கைப்பேசியில் தோன்றும் ஒவ்வொரு சாளரமும் இந்தச் சூத்திரத்தில்தான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது. நான்கு பேருக்கும் இதற்காக 1996-இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அதே 1984-இல்தான் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்டும் வந்தது. கிளிப் என்ற ஏற்பாட்டை இன்று நாம் அறிந்த வடிவத்தில் பரப்பியது அதுதான். ஒரு கிளிப்புக்குள் இன்னொரு கிளிப் போட்டால் இரண்டுக்கும் பொதுவான இடம் மட்டுமே மிஞ்சும். அதாவது கிளிப் சுருங்கிக்கொண்டேதான் போகும். பழைய அகலம் வேண்டுமென்றால் முன்னதாகச் சேமித்து வைத்த நிலைக்குத் திரும்பவேண்டும். கான்வாஸில் சேவ், ரீஸ்டோர் என்று இரண்டு வரிகளை எல்லோரும் எழுதுவதற்குக் காரணம் இந்தப் பழைய விதி. ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்டின் வண்ணம் முழுக்க மறைக்கும் வண்ணம். அரைகுறையாகத் தெரியும் நிழலுக்கு அதில் இடமில்லை. கிளிப் ஒரு மரபிலிருந்தும் ஆல்பா இன்னொரு மரபிலிருந்தும் வந்து பிற்பாடு ஒரே வீட்டில் குடியேறின. மேக் கணினியின் குவார்ட்ஸ் வரைகலை 2001-இல் இரண்டையும் சேர்த்தது. நிழலுக்கென்று தனி ஏற்பாடு 2003-இல் அதில் வந்தது. 2004-இல் ஆப்பிள் உருவாக்கிய கான்வாஸ், குவார்ட்ஸின் பழக்கவழக்கங்களை நிறையவே எடுத்துக்கொண்டது. அதனால்தான் மேக்கில் எழுதுகிறவரும் கான்வாஸில் எழுதுகிறவரும் ஒரே மாதிரி நிழல் காணாமல் போகிறதென்று தவிக்கிறார்கள்.

இனி சரியான வழி. கான்வாஸில், திரையில் காட்டாத இன்னொரு கான்வாஸை உருவாக்குங்கள். அது வெறுமையாக, முழுக்க ஆல்பா பூஜ்யமாக இருக்கும். அதில் கிளிப் போட்டு நிலாவை வரையுங்கள், நிழல் இல்லாமல். இப்போது அந்த மறைவான தாளில் இருப்பது கறுப்புக் கட்டம் இல்லாத, ஓரத்தில் ஆல்பா மெதுவாக இறங்கும், சுத்தமான ஒரு வட்ட நிலா. அடுத்து, திரையிலுள்ள கான்வாஸில் கிளிப் எதுவும் இல்லாமல் நிழலை மட்டும் அமைத்து, மறைவுத் தாளில் இருப்பதைப் படமாக வரையுங்கள். நூலகம் தன் வழக்கமான வரிசையில் நிழல் எடுக்கும். இப்போது எடுப்பது வட்டத்திலிருந்து. நிழலைப் பதிக்கும், தடுக்க எதுவும் இல்லை. நிலாவைப் பதிக்கும், ஓரப் பிக்சலில் நிலா 50, கீழே இருப்பது 50. கறுப்புக் கோடு இல்லை.

மேக்கில் இதே வேலையைச் செய்ய டிரான்ஸ்பரன்சி லேயர் என்று ஒன்று இருக்கிறது. முதலில் நிழலை அமைத்துவிட்டு லேயரைத் தொடங்க வேண்டும். தொடங்கியதும் உள்ளே நிழல் தானாக அணைந்துவிடும். உள்ளே கிளிப் போட்டு, படத்தை வரைந்து, லேயரை முடிக்க வேண்டும். முடிக்கிற கணத்தில், உள்ளே வரைந்ததெல்லாம் ஒரே பொருளாகத் திரண்டு, வெளியே காத்திருந்த நிழலைப் பெறும். பத்துத் துண்டுகளை உள்ளே வரைந்தாலும் நிழல் ஒன்றுதான் விழும். துண்டுக்கொரு நிழல் விழுந்து ஒன்றன் மேல் ஒன்று அழுக்காகச் சேர்வது இதில் நடக்காது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. நிரலைப் படித்தாலே எழுதியவர் எதை ஒரு பொருளாக நினைத்தார் என்பது தெரிந்துவிடும். இணையப் பக்க வடிவமைப்பில் இருப்பவர்களுக்கும் பாடம் இதுவே: அங்கேயும் ஒரே பெட்டியில் வெட்டும் நிழலும் வைத்தால் நிழலுக்குப் பிறகே வெட்டு நடக்கும், எனவே வெட்டை உள்பெட்டியிலும் நிழலை வெளிப்பெட்டியிலும் வைக்கவேண்டும்.

இரண்டாவது டீ வந்தது. வெயில் கடையின் கூரை ஓரத்தைத் தாண்டி மேசைக்கு வந்திருந்தது. "நிழலை எவ்வளவு மங்கலா வைக்கணும், அண்ணா? நான் சும்மா 20-ன்னு போட்டிருக்கேன்" என்று கேட்டார்.

சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேசையை ஒட்டிப் பிடித்தேன். நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. மெல்ல உயர்த்தினேன். ஓரம் கலங்கத் தொடங்கியது. காரணம் சூரியன் ஒரு புள்ளி அல்ல. நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை பாகை அகலமுள்ள வட்டு. நாணயத்தின் ஓரத்தில் சூரியனில் ஒரு பகுதி மறைந்து, ஒரு பகுதி தெரிகிற இடமெல்லாம் அரைநிழல். அதன் அகலம், பொருளுக்கும் நிழல் விழும் தளத்துக்கும் உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தாளிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருப்பதற்கு அரைநிழல் 1 மி.மீ.க்கும் கீழே, 1 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு 9 மி.மீ. வெயிலுக்கு இதுதான் கணக்கு. மேகமூட்டமான நாளில் வானம் முழுவதுமே விளக்கு என்பதால் நிழல் இன்னும் கலங்கும். திரையில் நாம் சூரியனை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு உறவைக் காப்பாற்ற வேண்டும்: நிழலை அதிகமாகத் தள்ளி வைத்தால் அதிகமாக மங்கலாக்க வேண்டும். தள்ளியும் கூர்மையாகவும் இருக்கிற நிழல் கண்ணுக்குப் பொய்யாகப் படுவது இதனால்தான்.

நிறத்துக்கும் வானத்திலேயே சான்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் தெரியக்கூடிய முழுச் சந்திர கிரகணம் நடந்தது. இரவு 11 மணி முதல் 12.22 வரை நிலா பூமியின் நிழலுக்குள் முழுதாக அமிழ்ந்திருந்தது. அது கறுப்பாகிப்போகவில்லை, செம்பு நிறமானது. பூமியின் காற்றுமண்டலம் கொஞ்சம் செவ்வொளியை வளைத்து நிழலுக்குள் அனுப்பியது. எந்த நிழலுக்குள்ளும் எங்கிருந்தோ ஒளி வரத்தான் செய்கிறது. ஆகவே சுத்தக் கறுப்பு நிழல் வேண்டாம். பின்னணியின் நிறத்தையே இருட்டாக்கி, 30 விழுக்காடு அளவு ஆல்பாவோடு வையுங்கள் என்றேன். அவர் மாற்றினார். பக்கம் உடனே அமைதியானது.

அந்த 20 என்ற எண்ணுக்கு உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கான்வாஸ் அதைப் பாதியாக்கி, 10 பிக்சலை, காஸ் வளைவு எனப்படும் மணிவடிவ வளைவின் பரவலாக எடுத்துக்கொள்கிறது. ஆல்பாவை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்தோடு எடைபோட்டுச் சராசரி பார்க்கிறது. 61-க்கு 61 என்ற கட்டத்தில் நேரடியாகச் செய்தால் பிக்சல் ஒன்றுக்கு 3721 பெருக்கல். காஸ் வளைவின் தனிக்குணத்தால் முதலில் கிடையாகவும் பிறகு நெடுக்காகவும் பிரித்துச் செய்யலாம். அப்போது 122 பெருக்கல் போதும். இன்னும் சிக்கனமாக, எல்லாவற்றுக்கும் சம எடை தரும் எளிய சராசரியை மூன்று முறை அடுத்தடுத்துச் செய்தாலே காஸ் வளைவுக்கு மிக அருகில் வந்துவிடும். இணைய வரைகலைக்கான எஸ்.வி.ஜி. தரமே இந்தக் குறுக்குவழியை எழுதி வைத்திருக்கிறது. எப்படிச் செய்தாலும் நிழல் செலவுள்ள வேலை. நிலா நகராமல் இருக்கும்போது திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நிழலைக் கணக்கிட வேண்டாம். நிழலோடு சேர்த்து ஒரு முறை மறைவுத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு அதையே பதிக்கலாம்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. நிழலோடு சேர்த்து வைக்கும் அந்த மறைவுத் தாள் நிலாவின் அளவுக்கே இருந்தால் நிழல் மறுபடி வெட்டுப்படும், இந்த முறை நேர்க்கோட்டில். தாளின் விளிம்பும் ஒரு கிளிப்தான். யாரும் போடாத கிளிப். பரவல் 10 என்றால் நாலா பக்கமும் சுமார் 30 பிக்சல் இடம் விட வேண்டும்; நிழலைத் தள்ளும் தூரத்தை அந்தப் பக்கம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். 400-க்கு 400 நிலாவுக்கு வலமும் கீழும் 8 தள்ளிய நிழல் என்றால், 468-க்கு 468 தாள். சாளரத்தில் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் மேசைக்கணினி நிரல்களிலும் இதே கதை. நிலாவை நகர்த்தும்போது பழைய இடத்தை அழிக்கச் சொல்கிறோம், நிலாவின் அளவுக்கு மட்டும் சொல்கிறோம். நிழலின் ஓரங்கள் அழியாமல் திரையில் கறைகறையாகத் தங்கிவிடும். அப்படிக் கறை பார்த்தால் வரைகலை நூலகத்தில் குறை தேடவேண்டாம். அழிக்கச் சொன்ன கட்டத்தை விரித்துப் பாருங்கள்.

படத்தைச் சுழற்றும்போது நிழல் என்ன ஆகும் என்பதையும் அவர் சோதித்துவிட்டுக் குழம்பியிருந்தார். நிலாவை 90 பாகை திருப்பினாலும் நிழல் பழையபடி வலது கீழ்ப்பக்கமே விழுந்தது. இது பிழையல்ல. குவார்ட்ஸிலும் கான்வாஸிலும் நிழலைத் தள்ளும் தூரம் படத்தின் சுழற்சிக்கோ அளவு மாற்றத்துக்கோ கட்டுப்படாது. பொருளைத் திருப்பினால் வெயில் திரும்புவதில்லை அல்லவா? சுழற்சியில் இது நமக்கு நல்லது. ஆனால் படத்தை இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் நிழல் பெரிதாகாது, சின்ன நிழலோடு பெரிய நிலா நிற்கும். தூரத்தையும் மங்கலையும் நாமே பெருக்கித் தரவேண்டும். மேக்கில் கூடுதலாக ஒரு தொல்லை: அங்கே குத்துக்கோடு மேல்நோக்கி வளரும், கான்வாஸில் கீழ்நோக்கி. ஒன்றிலிருந்து எண்ணை எடுத்து மற்றொன்றில் போட்டால் நிழல் தலைக்கு மேல் போய்விடும்.

கடைசியாக அவர் கேட்டதுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்த கேள்வி. பௌர்ணமிப் படத்துக்கு எல்லாம் சரி. பிறைப் படத்தை வட்டமாக வெட்டினால் நிழலும் முழு வட்டமாக விழுகிறதே, பிறைக்குப் பிறை நிழல்தானே விழவேண்டும்?

நிழல் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். ஆல்பாவைத்தான் பார்க்கிறது. பிறையின் இருண்ட பக்கம் கறுப்பாக இருந்தாலும் அந்தப் பிக்சல்கள் முழு ஆல்பா கொண்டவை. பின்னணியை முழுதாக மறைக்கின்றன. பிறை நிழல்தான் வேண்டுமென்றால் இருண்ட பகுதியின் ஆல்பாவைப் பூஜ்யமாக்க வேண்டும். மறைவுத் தாளில் பிறை வடிவத்தைத் தனியாக வரைந்து, அதற்குள் படுவது மட்டும் மிஞ்சட்டும் என்ற போர்ட்டர்–டஃப் சேர்க்கையைப் போட்டால் முடிந்தது.

ஆனால் வட்ட நிழலே விழட்டும் என்பது என் கருத்து. பிறையாகத் தெரிகிற நாளிலும் நிலா உருண்டையாகத்தான் இருக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நடக்கும். நம்மை நோக்கிய முகம் முழுக்க இருண்டிருக்கும் அந்த நாளில்தான் நிலாவின் நிழல் பூமியில் விழுகிறது, முழு உருண்டையின் நிழலாகவே. ஒளிர்வது அல்ல, மறைப்பதுதான் கணக்கு என்பதற்கு இந்த மலையிலேயே அழகான சான்று ஒன்று உண்டு. 1977 மார்ச் 10-இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் மறைக்கும் நேரத்தோடு சேராமல் ஒளி தனியே ஒரு முறை குறைந்ததை அவர்கள் பதிவுசெய்தார்கள். அதே இரவில் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவின் அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தபோது யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரிந்தது. அந்த வளையங்கள் கரிபோல் இருண்டவை, ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புபவை. அவை பிரகாசத்தால் கண்ணில் பட்டவை அல்ல. ஒளியை மறைத்ததால் அகப்பட்டவை.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறைப் படங்களுக்கும் முழு வட்ட கிளிப்பையே வைத்துக்கொண்டார். பிறகு மறைவுத் தாளின் அளவை 468 என்று மாற்றி, நிரலை மறுபடி ஓட்டினார்.